ஒரே சோப்பை ஆணுக்கு, பெண்ணுக்கு என்று பிரித்து விற்கலாமா?

ஈரோடு_சோப்பு:
வீட்டிலேயே குளியல் சோப்பு செய்து விற்கிறேன். குப்பைமேனி, வேம்பு, வெட்டிவேர் என மூன்று வகை. மூலப்பொருள் தரும் கடைக்காரர், வெட்டிவேர் சோப்பைக் கறுப்பு அட்டையில் போட்டு ஆண்களுக்கு என்றும், அதையே ரோஸ் அட்டையில் போட்டுப் பெண்களுக்கு என்றும் எழுதி, ரோஸுக்குப் பத்து ரூபாய் கூட வைக்கச் சொல்கிறார். விற்பனை ஏற வேண்டும்தான், ஆனால் உள்ளே இருப்பது ஒன்றே என்பதால் மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

விலைப்பட்டியல்:
செய்யாதீர்கள். இது பழைய வேலை. நியூயார்க் நகர நுகர்வோர் துறை 2015-இல் கிட்டத்தட்ட 800 பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்தது. பெண்களுக்கானவை சராசரியாக 7 சதவீதம் கூடுதல் விலை, ஷாம்பு, ரேசர் போன்ற பொருள்களில் 13 சதவீதம். கலிஃபோர்னியாவில் 2023 முதல் இப்படி விலை வைப்பதற்குச் சட்டப்படியே தடை. வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு அட்டையையும் திருப்பிச் சேர்மானத்தைப் படித்தால் போதும், உங்கள் பெயர் கெட்டுவிடும்.

மதுரை_மெடிக்கல்:
பிரித்தால் விற்கும், அதை மறுக்க முடியாது. சிவப்பழகு கிரீமைப் பாருங்கள். ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் வந்தது, விளம்பரம் முழுக்கப் பெண்களுக்கு. வீட்டில் இருந்த டியூபை ஆண்களும் எடுத்துப் பூசிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் கடையில் பெயர் சொல்லிக் கேட்கக் கூச்சம். 2005-இல் இமாமி ஆண்களுக்கென்று ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் கொண்டுவந்து, ஷாருக் கானையும் விளம்பரத்தில் நடிக்க வைத்தபோது அந்தக் கூச்சம்தான் காசானது. பெண்களைக் கறுப்பு என்று தாழ்த்தி விற்றதை அப்படியே ஆண்கள் பக்கமும் திருப்பினார்கள், எனக்கு இன்றும் அதில் கோபம் உண்டு. லவ்லி 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது, ஆனால் அதற்குள் எத்தனை பிள்ளைகள் கண்ணாடி முன்னால் அழுதிருக்கும்.

ஸ்கூட்டி_அக்கா:
பெண்களை மனதில் வைத்துப் பொருள் செய்வது தப்பில்லை தம்பி. டிவிஎஸ் ஸ்கூட்டி பெப் நூறு கிலோவுக்கும் குறைவு, ஸ்டாண்ட் போடுவதும் தள்ளுவதும் சுலபம், அதனால்தான் கல்லூரிப் பெண்கள் அதை ஓட்டினார்கள், ரோஸ் நிறத்துக்காக மட்டுமில்லை. ஆக்டிவாவையோ அப்பா, அம்மா, பிள்ளை என்று வீடே ஓட்டுகிறது. சோப்பும் அப்படித்தான், பெரும்பாலான வீடுகளில் மாதச் சாமானோடு ஒருவர் வாங்குவதை எல்லோரும் தேய்த்துக் குளிக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் பிரிப்பதே ஒரு சோப்பு போகும் வீட்டில் இரண்டு விற்கத்தான். அவர்களிடம் விளம்பரத்துக்குப் பணம் இருக்கிறது. நீங்கள் "ஆண்களுக்கு" என்று எழுதினால் வாங்க வந்த அம்மா அதைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். வறண்ட தோலுக்கு எது, வேர்க்குருவுக்கு எது என்று எழுதுங்கள்.

ஈரோடு_சோப்பு:
சரி அக்கா, ஒரே அட்டை, ஒரே விலை. வேர்க்குரு என்று எழுதினால் மருந்து என்று சொன்னதாக ஆகி லைசென்ஸ் சிக்கல் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அதற்குப் பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பேன்.