மரபணுச் சோதனையில் எஃப்டிஓ ‘ஏஏ’ என்று வந்திருக்கிறது, மாத்திரை வாங்கலாமா?

தறிக்காரன்:
வணக்கம். மச்சான் விடாமல் சொன்னதால், எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பும் மரபணுச் சோதனை ஒன்றைச் செய்தேன். அறிக்கையில் சிவப்பு எழுத்தில் ‘எஃப்டிஓ, ஆர்எஸ்9939609, ஏஏ, உடல் பருமன் அபாயம் அதிகம்’ என்று வந்திருக்கிறது. தேடிப் பார்த்தால், எஃப்டிஓ என்பது ஆர்என்ஏ மேல் இருக்கும் மீத்தைல் குறியை அழிக்கும் நொதி என்கிறார்கள். சோதனை செய்தவர்களே அந்த நொதியை அடக்கும் மூலிகை மாத்திரையும் விற்கிறார்கள், மாதம் நாலாயிரம் ரூபாய். என் எடை 92 கிலோ. அந்தக் குறி என்பது என்ன? அதற்கும் என் தொப்பைக்கும் என்ன சம்பந்தம்?

சிறுதானியம்:
சோதனை செய்பவரே மருந்தும் விற்றால் ஓடிவிடுங்கள் அண்ணா. அந்த நாலாயிரத்துக்கு நல்ல ஷூ வாங்கி நடங்கள்.

பிப்பெட்ராணி:
ஆர்என்ஏ குறிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ படியெடுக்கப்படும்போதே, அதிலுள்ள சில அடினோசின்களின் (ஆர்என்ஏவின் நாலு எழுத்துகளில் ‘ஏ’) மேல் செல் மீத்தைல் என்ற சின்ன வேதித் துண்டு ஒன்றை ஒட்டுகிறது. அதற்குப் பெயர் எம்6ஏ. ஒட்டுவது மெட்டில்3, மெட்டில்14 என்ற புரத ஜோடி. ஒய்டிஹெச்டிஎஃப்2 என்ற புரதம் அந்தக் குறியைப் பார்த்துப் பிடித்து, அந்த ஆர்என்ஏவைச் சீக்கிரம் சிதைக்க அனுப்பிவிடும். ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆர்என்ஏவைத் தனித்தனி எழுத்தாக உடைத்து, மூலக்கூறுகளின் எடையை அளக்கும் நிறைமானியில் விடுவோம். சாதாரண அடினோசின் 268இல் வரும், குறி ஏறியது 282இல் வரும். அந்த 14தான் மீத்தைல். திரையில் 282இல் சின்னதாக ஒரு முகடு எழும்பினால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடலாம்.

எம்6ஏ 1974லேயே தெரிந்த விஷயம். ஆனால் ஒட்டியது ஒட்டியதுதான் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 2011இல் சிகாகோவில் சுவான் ஹே குழு, எஃப்டிஓ அதை அழிக்கும் என்று காட்டியது. உங்கள் மாத்திரைக்காரர் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

இப்போது உங்கள் ‘ஏஏ’வுக்கு வருவோம். ஆர்எஸ்9939609 என்பது டிஎன்ஏவில் ஓர் இடத்தின் பெயர். அங்கே தாய், தந்தை இருவரிடமிருந்தும் உங்களுக்கு ‘ஏ’ எழுத்தே வந்திருக்கிறது, அதுதான் ‘ஏஏ’. அந்த எழுத்து நொதியின் வடிவத்தை எழுதும் பகுதியிலேயே இல்லை. எஃப்டிஓவின் முதல் இன்ட்ரானில், வெட்டி எறியப்படும் துண்டில் இருக்கிறது. உங்கள் நொதியும் என் நொதியும் ஒன்றுதான். 2014இல் வந்த ஆய்வு, அந்த இடம் ஐந்து லட்சம் எழுத்து தள்ளி இருக்கும் ஐஆர்எக்ஸ்3 என்ற வேறொரு மரபணுவைத் தொட்டு இயக்குகிறது என்று சொன்னது. அடுத்த ஆண்டே பக்கத்து எழுத்து ஒன்று சிக்கியது: டி இருக்க வேண்டிய இடத்தில் சி வந்தால் ஏஆர்ஐடி5பி என்ற அடக்கும் புரதம் அங்கே உட்கார முடியவில்லை. ஐஆர்எக்ஸ்3, ஐஆர்எக்ஸ்5 இரண்டும் கூடுகின்றன, கொழுப்புச் செல் எரிப்பதை விட்டுச் சேமிக்கத் தொடங்குகிறது. ஆக, குறியை அழிக்கிற கதையும் தொப்பைக் கதையும் ஒரே விலாசத்தில் இருக்கிற இரண்டு குடித்தனம். நொதிக்குப் பங்கே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எலியில் எஃப்டிஓவைக் கூட்டினால் அதிகம் தின்று கொழுக்கிறது. ஆனால் உங்கள் அறிக்கை அதைப் பற்றிப் பேசவில்லை.

நொதியை அடக்கினால் என்ன ஆகும்? 2009இல் ஒரு குடும்பத்தைப் பற்றி வெளியானது. எஃப்டிஓ வேலை செய்யாத பிரதிகளைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைகளுக்கு வளர்ச்சி நின்றது, மூளையில் கோளாறு, மூன்று வயதைத் தாண்டவில்லை. அப்புறம் ‘மூலிகை’. ரேயின் என்ற பொருள் சோதனைக் குழாயில் எஃப்டிஓவைத் தடுக்கும், 2012இலேயே காட்டினார்கள். நம்மூர் சரக்கொன்றைக் காயிலும் ரேயின் இருக்கிறது. வயிற்றைக் கழுவும் சரக்கு அது. எடை குறைந்தாலும் எந்த வழியில் குறையும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தறிக்காரன்:
புரிந்தது அக்கா. ஆனால் அபாயம் பொய்யில்லையே?

பிப்பெட்ராணி:
பொய்யில்லை, சின்னது. 2007இல் ஐரோப்பியர்களிடம் செய்த ஆய்வில், அந்த ‘ஏ’ எழுத்து இரண்டு பிரதி உள்ளவர்கள் ஒன்றும் இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல். 2011இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, உடலை அசைத்து வாழ்பவர்களிடம் அந்த அபாயம் 27 சதவீதம் குறைவாக இருந்தது. எடை குறைக்கும் முயற்சியிலும் ஏஏ ஆட்கள் மற்றவர்களைப் போலவே குறைகிறார்கள், இது 2016இல் வந்தது. சிறுதானியம் சொன்ன ஷூவை வாங்குங்கள்.

கரும்பலகை:
அப்போ இந்தக் குறிகளை வைத்து மருந்தே வராதா?

பிப்பெட்ராணி:
வரும், தொப்பைக்கு அல்ல. மெட்டில்3ஐத் தடுக்கும் எஸ்டிஎம்2457 என்ற மூலக்கூறு, எலிகளில் ஒரு வகை ரத்தப் புற்றுநோயை மட்டுப்படுத்தியது, 2021இல். அதே வழியில் வந்த எஸ்டிசி-15 மனிதர்களிடம் சோதனைக்கும் போய்விட்டது. அதுவும் புற்றுநோய்க்குத்தான்.