டி டிரைவ் தனி டிரைவ் ஆகாது. பாலா தம்பியின் கவனத்துக்கு

ஸ்பூல்டேப் சுந்தரம் | இரவு 9:12
புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பதாக வயலின் வித்யா நேற்று எழுதியிருந்தார். உள்ளே 1 டிபி என்விஎம்இ (தட்டு இல்லாமல் சில்லுகளில் எழுதும் வேகமான எஸ்எஸ்டி) ஒன்று மட்டும். ரெக்கார்டிங்குக்கு அதை எப்படி ஒழுங்கு செய்வது என்று கேட்டார். அந்த ஒன்றையே சி, டி என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்லி நம் பீட்பாக்ஸ் பாலா தந்த பதில் இது: "சி-க்கு 200 ஜிபி, மீதி டி-க்கு. ரெக்கார்டிங் எல்லாம் டி-யில். அதுவே தனி டிரைவ்தான், வேகமும் கூடும்."

இதற்கு நான்கு பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி, கூடத்தின் நடுவே புடவையைத் திரையாகக் கட்டினால் ஒரு வீடு இரண்டு வீடாகிவிடுமா? மீட்டர் ஒன்று, குழாய் ஒன்று, கழிவறை ஒன்று. 2003-ல் 40 ஜிபி டிஸ்கை இப்படித்தான் இரண்டாகப் பிரித்து, டி-யில் ஒரு தனி ஆவர்த்தனம் பதிந்தேன். மிருதங்கத்துக்கு நான்கு மைக், கடத்துக்கு இரண்டு. பன்னிரண்டாவது நிமிடம், கோர்வை தொடங்கும் இடம், கியூபேஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் டிஸ்க் விளக்கு சிவந்து ரெக்கார்டிங் நின்றது. வித்வான் கண்ணை மூடி வாசித்துக்கொண்டே இருக்கிறார். எப்படிச் சொல்வது? முடியும்வரை கும்பிட்டபடி நின்றேன். மறு வாரம் இன்னொரு டிஸ்க் வாங்கி மாட்டினேன். அதன் பிறகு அந்த விளக்கு எரியவே இல்லை.

டி என்பது டிரைவ் அல்ல.

பீட்பாக்ஸ் பாலா | இரவு 9:31
சார், வணக்கம். 2003 கதையை இத்துடன் ஆறாவது முறையாகப் படிக்கிறேன். போன தடவை வித்வான் கண்ணைத் திறந்திருந்தார்.

உங்கள் டிஸ்கில் தட்டு சுற்றியது, தலை ஓடியது. சி-யில் விண்டோஸ் எதையோ கேட்க, டி-யில் கியூபேஸ் எதையோ எழுத, தலை இங்கும் அங்கும் அலைந்தது. ஒப்புக்கொள்கிறேன். வித்யா மேடத்திடம் இருப்பது என்விஎம்இ. அதில் தட்டும் இல்லை, தலையும் இல்லை. இல்லாத தலை எங்கே போய் அலையும்?

ஸ்பூல்டேப் சுந்தரம் | இரவு 9:40
தலை இல்லை என்றால் பிரிப்பதால் வேகம் எப்படிக் கூடும்? நீங்கள் எழுதியதுதான் தம்பி: "வேகமும் கூடும்." தலை இருந்தால் பிரிப்பது கெடுதல், இல்லாவிட்டால் வீண் வேலை. எந்தப் பக்கம் வந்தாலும் டி என்பது டிரைவ் அல்ல.

ரீப்பர் ராஜி | இரவு 9:58
இரண்டு பேரும் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 சாம்பிள்), 24 பிட் (சாம்பிளுக்கு 3 பைட்), மோனோ. ஒரு டிராக்குக்கு நொடிக்கு 1,44,000 பைட். 24 டிராக் சேர்ந்தாலும் நொடிக்கு 3.5 எம்பி-யைத் தொடாது. ஒரு டிராக் ஒரு மணி நேரம் ஓடினால் 520 எம்பி-க்குக் கொஞ்சம் குறைவு. நல்ல என்விஎம்இ நொடிக்கு 3,000 எம்பி-யைத் தாண்டுகிறது.

நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் இன்றைய ஹார்டு டிஸ்க்கூட நேராக எழுதினால் 100 எம்பி-க்கு மேல் போகும். அதன் தொல்லை இடம் மாறுவதில். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட், சராசரியாக அதில் பாதி காத்திருக்க வேண்டும். தலை நகர இன்னொரு எட்டு ஒன்பது. நொடிக்கு எழுபது, எண்பது தாவலுக்கு மேல் தாங்காது. சுந்தரம் சாரின் விளக்கு சிவந்தது அதனால் இருக்கலாம்.

அது இருக்கட்டும், டிரைவ் என்று இருவரும் ஒரே பொருளைத்தான் சொல்கிறீர்களா? ஒருவர் பெட்டிக்குள் மாட்டும் பொருளைச் சொல்கிறார், இன்னொருவர் விண்டோஸ் காட்டும் எழுத்தைச் சொல்கிறார்.

ஸ்பூல்டேப் சுந்தரம் | இரவு 10:05
"இருக்கலாம்" இல்லை ராஜி மேடம், அதனால்தான். நான் பக்கத்தில் நின்றவன். கர்... கர்... என்று தலை பிராண்டுகிற சத்தம் கடத்தின் மைக்கில் விழுந்திருக்கிறது. இன்றைக்கும் போட்டுக் காட்டுவேன்.

பீட்பாக்ஸ் பாலா | இரவு 10:11
டிஸ்க் சத்தமோ என்னவோ. மூன்று வருடம் முன்பு மார்கழியில் நீங்கள் அனுப்பிய நாதஸ்வர மிக்ஸில் சீலிங் ஃபேன் சத்தம் இருப்பதாகச் சொன்னேன், நினைவிருக்கிறதா? அப்போது "அது கோயில் மண்டபத்தின் காற்று" என்றீர்கள்.

ஸ்பூல்டேப் சுந்தரம் | இரவு 10:14
அது மண்டபத்தின் காற்றுதான். மண்டபத்தில் ஃபேனே கிடையாது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டிருந்தால் அது உங்கள் வீட்டு ஃபேன் என்று தெரிந்திருக்கும்.

குளிர்தேசத்தான் | இரவு 10:37
ரொறன்ரோவில் இருந்து ஒரு சொல். நான் மூன்று டிறைவ் வைத்திருக்கிறேன். ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் காண்டாக்ட் என்ற வாத்திய மென்பொருளின் சாம்பிள்கள் (பதிந்து வைத்த வாத்திய ஒலிகள்), ஒன்றில் பாட்டு. காண்டாக்ட் ஒரு வாத்தியத்தை முழுவதும் ரேமில் ஏற்றாது. ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தும்போது மிச்சத்தை டிறைவில் இருந்து இழுக்கும். பெரிய ஸ்ட்ரிங்ஸ் வாத்தியம் என்றால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான ஒலிகள். அந்த வேளையில் பதிவும் அதே டிறைவில் நடந்தால் அது எத்தனையைத்தான் பார்க்கும்? சுந்தரம் அண்ணை சொல்வது எனக்கு விளங்குகிறது.

பீட்பாக்ஸ் பாலா | இரவு 10:44
"டிறைவ்" என்று எழுதுகிறவருக்கு மூன்று தேவைப்படும்தான்.

குளிர்தேசத்தான் | இரவு 10:49
தம்பி, நாங்கள் அப்படித்தான் எழுதுவோம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம். றகரத்தைக் கண்டு ஏன் பயப்படுகிறீர்கள்? டி-யைத் தனி டிறைவ் என்பவர் எழுத்தைப் பற்றிக் கதைக்கக் கூடாது.

சொல்வளன் | இரவு 11:02
டிரைவும் வேண்டாம், டிறைவும் வேண்டாம். வன்தட்டு என்று அழகான சொல் இருக்கிறதே, ஏன் எழுதக் கூடாது?

ரீப்பர் ராஜி | இரவு 11:04
எஸ்எஸ்டி-யில் தட்டு ஏது சார்?

சொல்வளன் | இரவு 11:09
அப்படியென்றால் திண்மநிலை நினைவகம்.

பீட்பாக்ஸ் பாலா | இரவு 11:10
அதைச் சொல்லி முடிப்பதற்குள் ரெக்கார்டிங்கே முடிந்துவிடும்.

சொல்வளன் | இரவு 11:13
ஏளனம் செய்யலாம். முன்பு கணினி என்ற சொல்லையும் இப்படித்தான் ஏளனம் செய்தார்கள்.

ஸ்பூல்டேப் சுந்தரம் | இரவு 11:20
சொல்லை விடுங்கள், விஷயத்துக்கு வாருங்கள். ராஜி மேடம் சொன்ன 3,000 எம்பி எவ்வளவு நேரத்துக்கு? விலை குறைந்த எஸ்எஸ்டி-கள் முதலில் வேகமான ஒரு பகுதியில் எழுதும். அது நிறைந்ததும் படுத்துவிடும். கியூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் மலிவான) வகையில் சில, ஹார்டு டிஸ்கை விட மெதுவாகப் போகும். டிஸ்க் நிறைய நிறைய அந்த வேகப் பகுதியும் சுருங்கும். கடைக்காரர் இதைச் சொல்வாரா? பெட்டியில் போட்டிருக்கிறதா? அப்புறம், டி-யை நிரப்பினால் சி-யும் அல்லவா திணறும், ஏனென்றால் உள்ளே சில்லுகள் ஒன்றுதான். ஆகவே, மறுபடியும், டி என்பது டிரைவ் அல்ல.

ரீப்பர் ராஜி | இரவு 11:28
படுத்தாலும் நொடிக்கு 80 எம்பி எழுதும் என்று வையுங்கள். நமக்குத் தேவை 3.5. 96 கிலோஹெர்ட்ஸ் போனாலும் 7. வீட்டில் சொடக்குச் சத்தம் வருவது பெரும்பாலும் பஃபர் (ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைக்கும் இடம்) அளவாலும், டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) கோளாறாலும். 128 சாம்பிளில் வைத்தால் கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது 2.7 மில்லிசெகண்ட். வைஃபை டிரைவர் ஒன்று அதற்குள் குறுக்கே வந்தால் போதும். அந்தத் தாமதத்தைக் காட்டும் லேட்டன்சிமான் மென்பொருளை ஓடவிட்டுப் பார்க்கலாம்.

ஸ்பூல்டேப் சுந்தரம் | இரவு 11:31
96 என்றா சொன்னீர்கள்? நாதஸ்வரத்துக்கு 96 வேண்டும் என்று நான் சொன்னபோது "வௌவாலுக்கு ரெக்கார்டிங் செய்கிறீர்களா" என்று கேட்டது யார் என்று தேடிப் பாருங்கள். பாலா தம்பிதான்.

பீட்பாக்ஸ் பாலா | இரவு 11:33
இன்றைக்கும் கேட்பேன்.

டபுள்சேஃப் தினேஷ் | இரவு 11:41
நண்பர்களே, ரெய்டு 1 போடுங்கள். இரண்டு டிஸ்கிலும் ஒரே பிரதி. நான் பேக்கப் எடுப்பதையே நிறுத்திவிட்டேன்.

ஸ்பூல்டேப் சுந்தரம் | இரவு 11:43
தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். அதற்குப் பெயர் பேக்கப்பா?

பீட்பாக்ஸ் பாலா | இரவு 11:44
கேட்க நினைத்தேன், சார் முந்திவிட்டார். ஆனால் இதை வைத்து நான் சாருடன் ஒத்துப்போகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம்.

டபுள்சேஃப் தினேஷ் | இரவு 11:46
நான் எதையும் அழிப்பதில்லை.

வயலின் வித்யா | காலை 6:20
எல்லோருக்கும் வணக்கம். பாதிதான் புரிந்தது. நான் பாடுவதும் வயலினும் சேர்த்து ஐந்தாறு டிராக்தான் வரும். இன்று மதியம் சென்னை ரிச்சி தெருவுக்கு, கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போகிறேன். இன்னொரு எஸ்எஸ்டி வாங்கவா, வேண்டாமா?

ஸ்பூல்டேப் சுந்தரம் | காலை 6:24
வாங்குங்கள் அம்மா. 500 ஜிபி சாதா சாட்டா (கேபிளில் மாட்டும் வகை) எஸ்எஸ்டி போதும். பாட்டு முழுவதும் அதில். விண்டோஸ் கெட்டாலும் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாம். டி-யைக் கழற்றி மாட்ட முடியுமா? கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

பீட்பாக்ஸ் பாலா | காலை 7:50
அதே காசுக்கு யூஎஸ்பி டிஸ்க் ஒன்று வாங்கி, வேலை முடிந்ததும் பிரதி எடுத்துப் பீரோவில் வையுங்கள் மேடம். ரெக்கார்டிங் டி-யிலேயே இருக்கட்டும். சார் சொல்லும் இரண்டாவது எஸ்எஸ்டி-யும் அதே பெட்டிக்குள்தான் இருக்கும். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) புகைந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். எங்கள் தெருவில் வோல்டேஜ் ஏறியதில் எனக்கு அப்படி ஒரு தடவை போயிருக்கிறது.

ஸ்பூல்டேப் சுந்தரம் | காலை 7:58
பேச்சு பேக்கப்புக்குத் தாவிவிட்டது, கவனித்தீர்களா? கேள்வி டி தனி டிரைவா என்பது. "வேகமும் கூடும்" என்று எழுதினீர்களா இல்லையா? ஆம், இல்லை, ஒரு சொல்லில் பதில் வேண்டும்.

பீட்பாக்ஸ் பாலா | காலை 8:15
வேலைக்குக் கிளம்புகிறேன் சார். சாயங்காலம் வந்து சொல்கிறேன்.

ஸ்பூல்டேப் சுந்தரம் | காலை 8:16
போன வருடம் மைக் கேபிள் விவகாரத்திலும் சாயங்காலம் என்றுதான் சொன்னீர்கள்.

குளிர்தேசத்தான் | காலை 8:40
வித்யா அக்கா, என்ன வாங்கினாலும் யூபிஎஸ் ஒன்றும் பாருங்கள். மற்றது, அது டிறைவ்தான்.

சொல்வளன் | காலை 9:05
யூபிஎஸ்ஸுக்கும் தமிழ் இருக்கிறது. தடையிலா மின்வழங்கி.

ஸ்பூல்டேப் சுந்தரம் | மாலை 6:30
சாயங்காலம் ஆகிவிட்டது.