எம்.எஸ். உள்ளவர்களை நடக்க வைத்த அனுபவம்: குறுக்குத்துறைப் படியில் கிடந்த செருப்பு

என் மைனிக்கு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்பின் மேலுறை தேயும் நோய்) வந்து சில வருடம். நடந்தால்தான் கால் பலப்படும் என்று சித்திரை வெயிலில், காலை ஒன்பதரைக்குத் தாமிரபரணிக் கரைக் குறுக்குத்துறைக்கு நான்தான் பிடிவாதமாகக் கூட்டிப் போனேன். படித்துறை வந்தபோது வலது பாதம் தொங்கிவிட்டது. செருப்பு நாலு படிக்கு மேலேயே கழன்று கிடந்தது, அது அவருக்குத் தெரியவே இல்லை. "ஏலே, காலு எம்பேச்சு கேக்க மாட்டேங்குல" என்று அப்படியே உட்கார்ந்தார். கண்ணும் மங்கலாகத் தெரிந்ததாம். துண்டை ஆற்றில் நனைத்துக் கழுத்தில் போட்டு நிழலில் வைத்திருந்தேன். அரை மணி நேரத்தில் பார்வை தெளிந்தது. அந்த ஒற்றைச் செருப்பு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

---

கூட்டிப் போனது தப்பில்லை அண்ணே, நேரம்தான் தப்பு. உடம்பு சூடேறினால், உறை தேய்ந்த நரம்பில் சைகை சரியாகப் போகாது. ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். உடம்பு குளிர்ந்தால் சரியாகிவிடும், புது பாதிப்பு இல்லை. இதற்குப் பயந்து நடையை நிறுத்திவிடாதீர்கள். "அலட்டிக்கொள்ளக் கூடாது" என்று ஒரு டாக்டர் சொன்னதை நம்பி என் தங்கச்சியை இரண்டு வருடம் உட்கார வைத்தோம். கடைசியில் கட்டிலை விட்டு எழவே கை கொடுக்க வேண்டியதாயிற்று.

---

மேலே எழுதியவர் சொன்னது சரி, ஆனால் நடை மட்டும் போதாது. எங்கள் அப்பாவுக்குப் பாளையங்கோட்டையில் பிசியோ பார்க்கிறவர் முதலில் சொல்லிக்கொடுத்தது நாற்காலிதான். கை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும், ஓய்வு, மறுபடி ஐந்து. அப்புறம் சுவரில் கை வைத்துக் கெண்டைக்காலை 30 விநாடி நீட்ட வேண்டும், விறைப்பு இளகும். அடுப்பு மேடையைப் பிடித்தபடி ஒரு காலில் நிற்கப் பழகலாம், பின்னால் ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். எல்லாம் வெயில் ஏறும் முன், மின்விசிறிக்குக் கீழே. களைத்துப் போகும் முன்பே நிறுத்திவிட வேண்டும். பாதம் தொங்கினால் கணுக்காலைத் தாங்கும் பட்டை இருக்கிறது, அளவெடுத்துச் செய்து தருவார்கள். பாசி பிடித்த படித்துறை மட்டும் வேண்டவே வேண்டாம். காய்ச்சல் ஏதும் இல்லாமல் புதுத் தளர்ச்சி 24 மணி நேரம் தாண்டினால் அது சூட்டினால் வந்தது இல்லை, உடனே நரம்பு டாக்டரிடம் போங்கள்.

---

முதலில் எழுதியவன்தான். படித்துறையை விட்டாச்சு. இப்போது ஐந்தே முக்காலுக்குத் தெருமுனை வரை, நடுவில் ஒரு திண்ணையில் ஓய்வு. குதிகாலில் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நேற்று நாற்காலியிலிருந்து ஆறு தடவை எழுந்தார். ஏழாவதுக்கு நான் கை நீட்டினேன், தட்டிவிட்டார்.