சந்தேகம்: 40 இடங்களுக்குத் தற்குறிப்பு அனுப்பியும் ஓர் அழைப்புகூட வரவில்லை, பிழை எங்கே இருக்கிறது?

கேள்வி (ஆத்தூர், சேலம் மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். நான் 2022-இல் இயந்திரவியல் டிப்ளமோ முடித்தவன். கடந்த ஏழு மாதங்களில் சேலம், ஓசூர், கோயம்புத்தூர் ஆகிய ஊர்களில் உள்ள தொழிற்சாலைகளின் பராமரிப்புப் பிரிவு வேலைகளுக்கு இணையம் வழியாக 40 விண்ணப்பங்கள் அனுப்பியும், நேர்காணலுக்கு ஓர் இடத்திலிருந்துகூட அழைப்பு வரவில்லை. என்னைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற நண்பர்களுக்கு அழைப்பு வருவதால், பிழை என் தற்குறிப்பில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கைப்பேசிச் செயலி ஒன்றில் கிடைத்த மாதிரி வடிவத்தில் அதைத் தயாரித்தேன். இடப்பக்கம் நீலப் பட்டையில் புகைப்படமும் தொலைபேசி எண்ணும், அவற்றுக்குக் கீழே திறன்களைக் காட்டும் நட்சத்திரக் குறிகளும், வலப்பக்கம் படிப்பு விவரங்களும் உள்ளன. படித்து முடித்தபின் இரண்டு ஆண்டுகள் ஊருக்கு அருகில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்தேன். ஆனால் பெரிய நிறுவனங்கள் அதை அனுபவமாக மதிக்க மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னதால் அதை எழுதாமல் விட்டுவிட்டேன். எதை எப்படித் திருத்த வேண்டும் என்று விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி (சூரமங்கலம், ஆள்தேர்வுப் பணியில் இருப்பவர்)

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் பிடிஎஃப் கோப்பைக் கணினியில் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். விண்ணப்பங்கள் மிகுதியாக வரும் நிறுவனங்கள் பலவற்றில் அவற்றை முதலில் ஒரு மென்பொருள்தான் படித்துப் பிரிக்கிறது. நோட்பேடில் என்ன தெரிகிறதோ, ஏறத்தாழ அதுதான் அந்த மென்பொருளுக்கும் கிடைக்கும். எழுத்தே வரவில்லை என்றால் உங்கள் கோப்பு வெறும் படமாக இருக்கிறது என்று பொருள். வரிகள் ஒன்றோடொன்று கலந்து வந்தால் பக்கத்தை இடம், வலம் என இரண்டு பத்திகளாகப் பிரித்த அமைப்புதான் காரணம்.

கேட்டவர்

செய்து பார்த்தேன். என் கல்லூரிப் பெயரின் நடுவில் தொலைபேசி எண்ணின் பாதி வந்து நிற்கிறது, நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் எதுவுமே இல்லை.

மறுமொழி (சூரமங்கலம்)

அப்படியானால் ஒரு காரணம் தெரிந்துவிட்டது. ஒரே பத்தியாக, கட்டமும் பட்டையும் இல்லாமல், சாதாரண வேர்ட் கோப்பில் மீண்டும் தட்டச்சு செய்யுங்கள். தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பக்கத்தின் மேல்விளிம்புப் பகுதியில் வைக்காமல் பெயருக்குக் கீழே எழுதுங்கள், ஏனெனில் சில மென்பொருள்கள் மேல்விளிம்பில் உள்ளதைப் படிப்பதே இல்லை. நான்கு நட்சத்திரம் பெற்ற வெல்டிங் என்பது மனிதருக்கும் எதையும் சொல்வதில்லை. கூட்டுறவு நிறுவனங்களுக்குத் தமிழில் எழுதி அனுப்ப நேர்ந்தால் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருவையே பயன்படுத்துங்கள், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது மறுமுனையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியக்கூடும்.

மறுமொழி (மேட்டூர், பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்)

தம்பி, கோப்பின் வடிவத்தைவிட எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது நீங்கள் அந்த இரண்டு ஆண்டுகளை மறைத்ததுதான். தற்குறிப்பைப் படிப்பவர் 2022-க்குப் பிறகு ஒரு வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பையன் வீட்டில் சும்மா இருந்திருக்கிறான் என்றே முடிவு செய்வார். ஜவ்வரிசி ஆலை என்பது மரவள்ளிக் கிழங்கைக் கழுவி, தோலுரித்து, அரைத்து, பாலை வடித்துத் தொட்டியில் படிய வைத்து, குருணையாக்கி, வறுத்து, உலர்த்துவது வரை இயந்திரங்கள் அடுத்தடுத்து ஓடும் இடம். தண்ணீர் எப்போதும் தெறித்துக்கொண்டே இருப்பதால் பேரிங்கில் உள்ள கிரீஸ் கழுவப்பட்டு மோட்டார் அடிக்கடி பழுதாகும். அங்கே இரண்டு ஆண்டுகள் இயந்திரங்களை ஓட வைத்தவருக்குப் பராமரிப்பு அனுபவம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அந்தத் தொழிலில் இருந்ததைச் சொல்ல நீங்கள் கூச வேண்டியதில்லை. என்னென்ன செய்தீர்கள் என்பதை முதலில் தமிழில், பேசுவதுபோல் ஒரு தாளில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் மாற்றுவது அதன்பிறகு. நேரே ஆங்கிலத்தில் தொடங்கினால் எல்லாரும் எழுதும் அதே குறிக்கோள் வாசகம்தான் உங்கள் கையிலும் வரும்.

கேட்டவர்

ஐயா, நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன்: “ஜவ்வரிசி ஆலையில் பராமரிப்புப் பணியாளராக இரண்டு ஆண்டுகள் கடுமையாக உழைத்து, உற்பத்தியை 30 விழுக்காடு உயர்த்தினேன்.”

மறுமொழி (ஏற்காடு, தங்கும் விடுதி ஒன்றில் பணியாளர்களைத் தேர்வு செய்பவர்)

தம்பி, அந்த 30 விழுக்காட்டை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று நேர்காணலில் கேட்டால் உங்களிடம் விடை இருக்கிறதா? இல்லை என்றால் அந்த எண்ணை எடுத்துவிடுங்கள். எத்தனை மோட்டார்கள், எத்தனை குதிரைத்திறன், எதை எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்தீர்கள் என்று நீங்களே எண்ணிச் சொல்லக்கூடியதை எழுதுங்கள். நான் காபித் தோட்டத்து வேலையிலிருந்து வந்த ஒருவரை எங்கள் விடுதிக்குத் தேர்வு செய்ததற்குக் காரணம், தண்ணீர் பம்புகளை அவர் எப்படிக் கவனித்தார் என்பதை மூன்று வரிகளில் தெளிவாக எழுதியிருந்ததுதான். தந்தை பெயர், மதம், திருமண நிலை ஆகியவை தனியார் வேலைக்கான தற்குறிப்பில் தேவையில்லை. அரசு வேலைக்கு அவர்களுடைய விண்ணப்பப் படிவம் கேட்பதை மட்டும் நிரப்பினால் போதும்.

கேட்டவர்

மாற்றி எழுதினேன்: “5 முதல் 20 குதிரைத்திறன் வரையிலான 11 மோட்டார்களின் பராமரிப்பு என் பொறுப்பு. கிழங்கு அரைக்கும் இயந்திரத்தின் தேய்ந்த பல் தகடுகளை மாற்றினேன். ஈரம் படும் பேரிங்குகளுக்கு வாரந்தோறும் கிரீஸ் வைத்து, ஒவ்வொரு பழுதையும் தேதியுடன் குறிப்பேட்டில் பதிந்தேன்.” நோட்பேடிலும் இப்போது வரிகள் ஒழுங்காக வருகின்றன. ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருக்கிறது. ஆலையில் அனுபவச் சான்றிதழ் கேட்டு மூன்று முறை போனேன், தரவில்லை.

மறுமொழி (மேட்டூர்)

இப்போது எழுதியிருப்பதைப் படித்தால் நானே உங்களைக் கூப்பிட்டுப் பேசியிருப்பேன். அந்தக் குறிப்பேடு கைவசம் இருந்தால் நேர்காணலுக்குக் கொண்டு போங்கள், சான்றிதழைவிட அது நன்றாகப் பேசும்.

மறுமொழி (சூரமங்கலம்)

சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதி பிடித்திருந்தால், உங்கள் யுஏஎன் எண்ணை (வைப்பு நிதி உறுப்பினருக்குத் தரப்படும் நிலையான எண்) கொண்டு இணையத்தில் பாஸ்புக்கைப் பதிவிறக்கம் செய்யுங்கள். நிறுவனத்தின் பெயரும் பணம் செலுத்திய மாதங்களும் அதில் இருக்கும். பிடித்தம் இல்லையென்றால் சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரத்தையாவது எடுத்து வையுங்கள். அங்கே உங்களுக்கு மேல் பணியாற்றிய மேஸ்திரியிடம் ஒப்புதல் கேட்டு, நிறுவனம் விசாரிக்கும்போது கொடுப்பதற்கு அவருடைய எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த எண்ணைத் தற்குறிப்பில் அச்சிட வேண்டாம்.