குடும்பக் குழுவில் கயலின் கிராஃப்

கயல்: நாளைக்கு 10 மணிக்கு கைடுகிட்ட இரும்பு-நைட்ரஜன்-கார்பன் டேட்டா காட்டணும் (எரிபொருள் கலத்துல ஆக்சிஜன் வினைக்கு பிளாட்டினத்துக்குப் பதிலா போடற வினையூக்கி). 0.5 மோலார் சல்ஃப்யூரிக் ஆசிட், எலக்ட்ரோடு சுத்தறது 1600 ஆர்பிஎம். அரை அலை மின்னழுத்தம் (கரண்ட் உச்சத்துல பாதி வர்ற இடம், ஏற ஏற நல்லது) முதல்ல 0.76 வோல்ட், 2000 சைக்கிளுக்கு அப்புறம் 0.83! சித்தப்பா, அத்தை, பாருங்களேன்

அப்பா: சூப்பர்டா கண்ணு 👏

மாலதி அத்தை: கவுண்டர் எலக்ட்ரோடு?

கயல்: எதிர்முனையில போட்டது பிளாட்டினம் கம்பி

மாலதி அத்தை: அதான்.

சேகர் சித்தப்பா: கயல், ஆசிட்ல அந்தக் கம்பி கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு உன் எலக்ட்ரோடுல வந்து படியும். பிளாட்டினமே நல்ல வினையூக்கி, துளி இருந்தாலே கணக்கு மாறிடும். இரும்பு வினையூக்கி ஆசிட்ல ஓட ஓட இறங்கத்தான் செய்யும். பக்கவினையில வர்ற ஹைட்ரஜன் பெராக்சைடு இரும்போட சேர்ந்து ராடிக்கல் ஆகி கார்பனை அரிக்கும், இரும்பும் கழண்டுடும். ஏறுதுன்னாலே சந்தேகப்படணும். ஆர்கான் விட்டு 0.05லேருந்து 1 வோல்ட் வரை ஒரு சிவி (வோல்ட்டை ஏத்தி இறக்கி கரண்டைப் பார்க்கற வளைவு) எடு. 0.35க்குக் கீழ ஹைட்ரஜன் மேடு தெரிஞ்சா பிளாட்டினம்தான்

அப்பா: வியாழக்கிழமை அம்மாவை கண் டாக்டர்கிட்ட யார் கூட்டிட்டுப் போறது? சேகர்?

சேகர் சித்தப்பா: பார்க்கறேண்ணா

அப்பா: போன தடவையும் பார்க்கறேன்தான்

மாலதி அத்தை: அண்ணா, இப்ப வேணாமே. கயல், இனிமே கவுண்டருக்கு கிராஃபைட் தண்டு, தனி அறையில. பொடிகிட்ட காந்தம் காட்டினியா?

கயல்: தாவுது அத்தை 😟

மாலதி அத்தை: இரும்பு எவ்வளவு?

கயல்: துத்தநாகம் 100 மோலுக்கு 5

மாலதி அத்தை: ஜாஸ்தி. 1, 2 போதும். மிச்சம் காந்தத்துக்குத் தாவற கார்பைடா திரண்டு கார்பன் ஓட்டுக்குள்ள அடைஞ்சுக்கும், ஆசிட் கழுவினாலும் போகாது

சேகர் சித்தப்பா: ஜிஃப்-8 (துத்தநாகம் இருக்கற நுண்துளைப் படிகம்) வச்சுத்தானே சுட்ட? துத்தநாகம் 907 டிகிரியில கொதிக்கும். ஆர்கான்ல 1000 வரை ஏத்தினாதான் முழுசா வெளியேறும், அது போன இடம்தான் நுண்துளை. குழாயோட குளிர்ந்த முனையில சாம்பலா படியும், வாயு போற வழி அடைச்சுக்காம பாரு. அப்புறம் ஆசிட்ல 80 டிகிரி ராத்திரி முழுக்க, கழுவி உலர்த்தி மறுபடி 900ல ஒரு மணி நேரம். இந்த ரெண்டாவது சூடு விடக்கூடாது, ஆசிட் ஒட்டியிருந்தா ஆக்டிவிட்டி குறைவா தெரியும்

கயல்: எலக்ட்ரோடுல விடற மை, பொடி 10 மி.கி.க்கு 1 மி.லி., 12 மைக்ரோலிட்டர் விட்டேன்

மாலதி அத்தை: 5 மி.மீ. டிஸ்க்னா சதுர செ.மீ.க்கு 0.6 மி.கி. வருது, சரி. ஓரத்துல வளையம் கட்டாம காயணும்

கயல்: நாளைக்கு எதைக் காட்ட?

மாலதி அத்தை: 0.76 மட்டும்

சேகர் சித்தப்பா: ரெண்டும், சிவியோட சேர்த்து. காரணத்தோட காட்டு

மாலதி அத்தை: சேகர், அந்த 0.83 செல்லாது. எதுக்குக் காட்டணும்?

சேகர் சித்தப்பா: மறைக்கறதுக்கு அது மேல்க்கா

அப்பா: வியாழன்??

கயல்: லேபுக்குக் கிளம்பறேன், சிவி எடுத்ததும் அனுப்பறேன்

அப்பா: சேகர், நீ படிச்சிட்டே, நீல டிக் தெரியுது