பேல் மூன் பிரவுசரில் மட்டும் மொபைல் பக்கம் திறக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
லினக்ஸ் கணினி, 24 அங்குலத் திரை. மாதாமாதம் பணம் கட்டும் ஒரு தளத்தைப் பேல் மூனில் திறந்தால் முகவரியின் முன்னால் 'எம்.' ஒட்டிக்கொள்கிறது. நடுவில் ஒரு சாண் அகலத்துக்குப் பக்கம், மூலையில் மூன்று கோடு, மற்றதெல்லாம் வெள்ளை. பழைய ரசீதுகளை இறக்கும் பொத்தான் அதில் கிடையவே கிடையாது. ஃபயர்ஃபாக்ஸில் சரியாக வருகிறது. ஆனால் பிரவுசரை மாற்ற மனமில்லை, அம்மாவுக்கும் இதையேதான் பழக்கியிருக்கிறேன்.

பதில் 1:
முகவரியே மாறுகிறது என்றால் திரை அளவு காரணமில்லை. பிரவுசர் தன் பெயரையும் கணினி வகையையும் சொல்லி அனுப்பும் யூசர் ஏஜென்ட் வரியைப் பார்த்து சர்வர் முடிவெடுக்கிறது. தெரிந்த நாலு பெயர் அதில் இல்லையென்றால் மொபைல் என்று தள்ளிவிடும் தளங்கள் உண்டு. இந்தத் தொல்லையால்தான் 2019 டிசம்பரில் விவால்டி என்ற பிரவுசர், 2.10 பதிப்பிலிருந்து பெரும்பாலான தளங்களில் குரோம் போலவே காட்டிக்கொள்ளத் தொடங்கியது. எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

முகவரிப் பட்டையில் அபௌட்:கான்ஃபிக் என்று அடித்து அமைப்புகள் பக்கத்துக்குப் போய், 'ஜெனரல்.யூசர்ஏஜென்ட்.ஓவர்ரைடு.' (general.useragent.override.) என்பதோடு தளத்தின் பெயரைச் சேர்த்துப் புதிய சரம் (ஸ்ட்ரிங்) உருவாக்குங்கள். மதிப்பாக ஃபயர்ஃபாக்ஸின் வரியை ஒட்டுங்கள். அந்த ஒரு தளத்துக்கு மட்டும் போதும்.

பதில் 2:
ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் எனக்குக் குரோமியம் பிரவுசரிலேயே இப்படி ஆனது. வரியில் 'லினக்ஸ்', 'ஆர்ம்' (அதன் செயலி வகை) இரண்டையும் பார்த்ததும் ஆண்ட்ராய்டு என்று எடுத்துக்கொண்டது அந்தத் தளம். மொபைலா என்று அறிய வரியில் 'மோபி' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள் என்றுதான் ஃபயர்ஃபாக்ஸைத் தரும் மொஸில்லாவின் ஆவணம் தளம் அமைப்போருக்குச் சொல்கிறது.

கேட்டவர்:
முதலில் அசையவில்லை. அப்புறம் அந்தத் தளத்தின் குக்கிகளை அழித்தேன், முழுப் பக்கம் வந்துவிட்டது. ரசீதுகளை இறக்கிவிட்டேன், மிக்க நன்றி. தளத்தாருக்கும் எழுதியிருக்கிறேன்.