டிராக்டரில் இறால் பிடிக்கும் ஊரின் கிளப்

(குழு: தெக்கே வீடு)

திங்கள், 28 ஜூலை 2025

அக்கா (மோர்கம்): எல்லோரும் தூங்கிவிட்டீர்களா? இங்கே இங்கிலாந்தில் எங்கள் ஊர் கால்பந்து கிளப்பை லீக்கிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். சின்னவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

தம்பி: எந்த கிளப்? மான்செஸ்டரா?

அக்கா (மோர்கம்): மான்செஸ்டருக்கு என்ன கேடு! மோர்கம். இறால் படம் போட்ட சிவப்பு ஜெர்சி, போன லீவுக்கு உனக்கு வாங்கி வந்தேனே.

தம்பி: அய்யோ, அதுவா. அதைப் போட்டுக்கொண்டுதான் பைக் கழுவுகிறேன்.

அக்கா (மோர்கம்): நல்லா இரு.

செவ்வாய், 29 ஜூலை

மாமா: இப்போதுதான் பார்த்தேன் மக்களே. தோற்றதற்காகவா நிறுத்துவார்கள்? அப்படியென்றால் நம்ம ஊர் டீமை 1996இலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

அத்தான்: தோற்றது வேறு, இது வேறு மாமா. இந்த வருடம் லீக் டூவில் கடைசி இடம், அதனால் நேஷனல் லீக்குக்கு இறங்கினோம். அதாவது மேலிருந்து ஐந்தாவது படி. 2007இல் ஏறியவர்கள், 18 வருடம் தாக்குப்பிடித்தார்கள். அது விளையாட்டு, பொறுத்துக்கொள்ளலாம். இப்போது நடப்பது பணக் கதை. ஜூன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. பிளேயருக்கு மட்டுமில்லை, ஆபீஸில் இருப்பவர்களுக்கும் அவ்வளவுதான். சீசனை நடத்தப் பணம் இருக்கிறது என்று காட்டு என்றது லீக். காட்டவில்லை. நிறுத்தி வைத்துவிட்டது. சரிசெய்ய ஆகஸ்ட் 20 வரை கெடு.

நான்: வாங்க ஆளே இல்லையா?

அத்தான்: அதுதான் வேடிக்கை. ஆள் இருக்கிறார்கள். பஞ்சாப் வாரியர்ஸ் என்று லண்டனில் ஒரு முதலீட்டாளர் கூட்டமைப்பு. கிளப் வாங்க வருகிறவர்களுக்கு நாங்கள் முன்பு ஆடிய லீக் வைக்கிற சோதனையிலும் முன்பே தேறிவிட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டிய முதலாளிதான் போடாமல் இழுக்கிறார். 2022 செப்டம்பரில் ‘விற்பனைக்கு’ என்று சொன்னது. கணக்குப் பண்ணிப் பாருங்கள்.

மாமா: மூன்று வருடமா?

அத்தான்: கிட்டத்தட்ட.

மாமா: கரையில் ஏற்றிவைத்த படகை மூன்று வருடம் விற்காமல் வைத்திருந்தால் என்ன ஆகும் தெரியுமா? பலகை வெடிக்கும், இன்ஜின் துரு ஏறும், பம்பைக் கழற்றி எவனாவது கொண்டுபோவான். நாலாவது வருடமும் விற்கிறவன் முதல் வருட விலையைத்தான் சொல்வான். வாங்க வருகிறவன் கண்ணில் படுவது மரம்தான்.

அத்தான்: அதேதான் மாமா. ஒவ்வொரு நாளும் ஒரு பிளேயர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகிறான். சம்பளம் கொடுக்காதவன் எந்த முகத்தோடு நிறுத்துவது? நாள் ஆக ஆக விற்பதற்கு மிஞ்சுவது ஒரு மைதானமும் ஒரு பெயரும்.

சித்தி: காலையிலேயே படகு, துரு! யாராவது சாப்பிட்டீர்களா?

புதன், 30 ஜூலை

தம்பி: இதற்கு ஏன் இவ்வளவு கவலை? வேல்ஸில் இருக்கிற ரெக்ஸம் கிளப்பைப் பார்த்தீர்களா? 2021இல் இரண்டு நடிகர்கள் வாங்கினார்கள். 2023, 2024, 2025 என்று வரிசையாக மூன்று பிரமோஷன். மோர்கமுக்கும் ஒரு நடிகர் வருவார்.

அத்தான்: ரெக்ஸம் கதையைப் பாதியில் ஆரம்பிக்கிறாய். அதற்கு முன் பத்து வருடம் அந்த கிளப்பை ரசிகர்கள்தான் வைத்திருந்தார்கள். 2011இல் லீக் கேட்ட பணத்தை ஊரே உண்டியல் மாதிரித் திரட்டியது. நடிகர்கள் வந்தபோது கடனில்லாத வீடு கிடைத்தது, அதில் குடியேறினார்கள்.

தம்பி: சரி, சரி.

அத்தான்: பரி என்று ஒரு ஊர், அதே லங்காஷயர்ப் பக்கம். இங்கிலாந்தின் பெரிய கோப்பையான எஃப்ஏ கோப்பையை 1900, 1903 என்று இரண்டு தடவை வாங்கிய கிளப். 2018 டிசம்பரில் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது.

சித்தி: ஒரு பவுண்டு என்றால் எவ்வளவு?

நான்: நூற்றுச் சொச்சம் ரூபாய் சித்தி.

சித்தி: சொல்லியிருந்தால் நானே வாங்கியிருப்பேனே! மீன் விற்ற காசே போதும்.

அத்தான்: கடனும் கூட வரும் சித்தி. மைதானத்தின் பேரிலும் அடமானம். எட்டு மாதத்தில், 2019 ஆகஸ்ட் 27 அன்று, லீக்கிலிருந்தே வெளியேற்றிவிட்டார்கள். 1885இல் தொடங்கிய கிளப். அப்புறம் ரசிகர்கள் பணம் திரட்டி, அரசும் கொஞ்சம் கொடுத்து, 2022இல் மைதானத்தை மீட்டார்கள். இப்போது எங்கேயோ கீழ் லீக்கில் ஆடுகிறது. ஆனால் ஆடுகிறது.

சித்தி: அப்போ வேண்டாம்.

மாமா: மலிவாகக் கிடைக்கிற படகில்தான் ஓட்டை அதிகம். அது போகட்டும். அங்கே டிராக்டரில் இறால் பிடிக்கிறார்கள் என்று சின்னவன் போனில் சொன்னானே, நிஜமா?

அக்கா (மோர்கம்): நிஜம்தான் மாமா. வேலியிறக்கத்தில் தண்ணீர் மைல் கணக்கில் பின்வாங்கிவிடும், சேறும் மணலுமாகக் கிடக்கும். முன்பெல்லாம் குதிரை வண்டி பூட்டி வலை இழுப்பார்களாம், பிறகு டிராக்டர். விரிகுடாவின் அந்தப் பக்கம் ஃப்ளூக்பரோ என்ற ஊரில்தான் அதிகம். இறால் நம்ம கூனியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அவித்து, உரித்து, வெண்ணெயில் போட்டுச் சின்ன டப்பாவில் அடைத்து விற்பார்கள்.

மாமா: வெண்ணெயிலா! மிளகாய் கிடையாதா?

அக்கா (மோர்கம்): மசாலா என்று ஏதோ போடுகிறார்கள். உங்களுக்குப் பிடிக்காது. கிளப்புக்கு ‘இறால்கள்’ என்று பெயர் வந்ததே அதனால்தான்.

மாமா: டிராக்டர் படம் ஒன்று அனுப்பு மக்களே. கடையில் சொன்னால் எவனும் நம்பமாட்டேன் என்கிறான்.

சனி, 9 ஆகஸ்ட்

அக்கா (மோர்கம்): இன்றைக்குத்தான் சீசன் தொடக்கம். பாஸ்டன் ஊரில் ஆட்டம் இருந்திருக்க வேண்டும், தள்ளிவைத்துவிட்டார்கள். அப்பாவும் மகனும் மைதானத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பினார்கள். பூட்டிய கேட்டைப் பார்க்க எதற்குப் போகணும்?

அத்தான்: நாங்கள் மட்டுமா போனோம்? நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். ஒரு தாத்தா வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி கொண்டுவந்து வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பிளாஸ்க், கழுத்தில் சிவப்பு மப்ளர். மூன்று மணி ஆனதும் வாட்சைப் பார்த்தார். ஐந்து மணிக்கு நாற்காலியை மடக்கினார். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான்: ஆட்டமே இல்லாமல் முழு ஆட்டமும் இருந்திருக்கிறார்.

அத்தான்: பக்கத்து பப்பிலும் கூட்டம் இல்லை. ஆட்டம் உள்ள சனிக்கிழமைதான் அவர்களுக்குச் சம்பாத்தியமாம். இந்த வருமானத்தை எந்தப் பேரத்திலும் யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

அம்மா: (குரல் செய்தி 0:41)

நான்: அம்மா சொல்வது: அந்தோணியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியாச்சாம். தொலைந்ததைத் திருப்பித் தருவாராம். சின்னவன் சாப்பிடணுமாம்.

மாமா: ஸ்பான்சர் என்றாலே எனக்கு வயிறு கலங்கும். நாம் பைனலுக்குப் போன வருடம் ஒருவர் ஜெர்சியில் தன் கடைப் பேரைப் போடச் சொன்னார். போட்டோம். ஜெயித்தோம். மாலை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். ஜெர்சி தைத்த கூலியைக் கடைசியில் இரண்டு படகின் பங்கிலிருந்து கழித்தோம். அதற்குப் பிறகு நம்ம கிளப்பில் ஒரே சட்டம்: பணம் மேசைக்கு வந்த பிறகுதான் மாலை.

தம்பி: இங்கிலாந்திலும் அதைச் சட்டமாகவே கொண்டுவந்துவிட்டார்கள் மாமா. ஜூலை 21 அன்று அரசர் ஒப்புதல். இனிமேல் மேல் ஐந்து படியில் உள்ள கிளப்புகளுக்குத் தனி ஒழுங்காணையம். உரிமையாளரின் பணத்தையும் ஆளையும் சோதிக்கும்.

அத்தான்: நிறுத்திவைத்ததற்கு ஒரு வாரம் முன்னால்தான் ஒப்புதல். ஆணையம் இன்னும் வேலையே தொடங்கவில்லை. வீடு எரிகிறபோது கிணறு வெட்டப் பூமி பூஜை போட்டிருக்கிறார்கள். மோர்கமை வைத்திருக்கும் இதே ஆட்களிடம் இருந்த வொர்செஸ்டர் ரக்பி கிளப் 2022இல் திவால் நிலைக்குப் போனது. அப்போதே எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அடுத்தது யார் என்று.

வெள்ளி, 15 ஆகஸ்ட்

சித்தி: (14 படங்கள்) மாதா திருநாள், சுதந்திர தின வாழ்த்துகள்.

நான்: சித்தி, அதில் ஒன்று பொங்கல் வாழ்த்து.

சித்தி: எல்லாம் வாழ்த்துதானே.

ஞாயிறு, 17 ஆகஸ்ட்

அக்கா (மோர்கம்): கைமாறிவிட்டது!!!

அக்கா (மோர்கம்): பஞ்சாப் வாரியர்ஸ் வாங்கிவிட்டார்கள். தெருவில் ஹார்ன் அடிக்கிறார்கள். சின்னவன் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு கழற்றமாட்டேன் என்கிறான்.

அம்மா: (குரல் செய்தி 0:09)

நான்: அந்தோணியார்தானாம்.

மாமா: சந்தோஷம் மக்களே. கெடுவுக்கு மூன்று நாள் முன்னால். விற்றவர் கடைசிவரை கயிற்றை விடவில்லை பார்.

தம்பி: இனி நேராக மேலே!

மாமா: மேலேயெல்லாம் அப்புறம். இந்த வாரம் பதினோரு பேர் இருக்கிறார்களா என்று கேள்.

அத்தான்: அதுதான் பிரச்சினை மாமா. கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆட்கள். சனிக்கிழமை ஆல்ட்ரிங்கமோடு ஆட்டம்.

செவ்வாய், 19 ஆகஸ்ட்

அத்தான்: மேனேஜரையும் மாற்றிவிட்டார்கள். புதியவர் அஷ்வீர் சிங் ஜோஹல், வயது 30. பிரிட்டனில் ஒரு தொழில்முறை கிளப்புக்கு மேனேஜராக வரும் முதல் சீக்கியர். மேல் ஐந்து படியில் இவர்தான் வயதில் சிறியவர்.

அக்கா (மோர்கம்): ஆஸ்பத்திரி வார்டில் ஒரு பாட்டி என்னிடம், ‘உங்க ஆள் வந்துவிட்டார்’ என்கிறார். நான் பஞ்சாபி இல்லை, கன்னியாகுமரி மாவட்டம் என்று மேப் காட்டினேன். ‘கடற்கரைதானே, அப்போ சரி’ என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

தம்பி: பழைய மேனேஜர்?

அத்தான்: டெரெக் ஆடம்ஸ். 2021இல் வெம்ப்ளி மைதானத்தில் நியூபோர்ட் கிளப்பை 1-0 என்று ஜெயித்து லீக் ஒன்னுக்கு ஏற்றியவர். எனக்கு அது மனதுக்குக் கஷ்டம்தான். சம்பளமே வராத ஒரு கோடையை அவர் தலையில் கட்டியாகிவிட்டது, பணம் வந்ததும் அவர் இல்லை.

மாமா: புது முதலாளி வந்தால் முதலில் சுக்கானியை மாற்றுவான். எங்கும் அப்படித்தான்.

சனி, 23 ஆகஸ்ட்

அத்தான்: (படம்) உள்ளே வந்துவிட்டோம். கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டிருந்தாரே தாத்தா, எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால். இன்று பிளாஸ்க் இல்லை, பை வாங்கிவிட்டார்.

சித்தி: என்ன பை? துணிப்பையா?

அக்கா (மோர்கம்): சாப்பிடுகிற பை சித்தி, இறைச்சி வைத்துச் சுடுவது. இந்த மைதானத்துப் பை பரிசெல்லாம் வாங்கியது.

நான்: ஸ்கோர்?

அத்தான்: பொறு.

அத்தான்: 2-1!!! ஜெயித்துவிட்டோம்! நாலு நாள் முன்னால் ஒருவன் பெயர் ஒருவனுக்குத் தெரியாத டீம்! பாதிப் பேர் பந்தைக் கேட்கும்போது ‘டேய் நம்பர் எட்டு’ என்று கூப்பிட்டிருப்பார்கள், சத்தியமாக.

தம்பி: பைக் கழுவ வேறு சட்டை எடுத்துவிட்டேன்.

மாமா: நல்லது. சம்பள பாக்கி?

அத்தான்: கொடுத்துத் தீர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் மாமா.

மாமா: சொல்லியிருக்கிறார்களா, கொடுத்தாச்சா? ஒரு ஜெயிப்பில் மயங்காதே. டிசம்பரில் மழையும் குளிருமாக நாலு ஆட்டம் தோற்ற பிறகும் மாதக் கடைசியில் காசு வருகிறதா, அதைப் பார்த்துச் சொல். அதுவரை நான் மாலை வாங்கமாட்டேன்.

அத்தான்: டிசம்பரில் சொல்கிறேன் மாமா.

அக்கா (மோர்கம்): (படம்) சின்னவன் வரைந்தது. இறாலுக்குத் தலைப்பாகை கட்டியிருக்கிறான்.

அம்மா: (குரல் செய்தி 0:22)

நான்: சிரிக்கிறாள். வேறொன்றும் இல்லை.

மாமா: இறால் நல்லா இருக்கிறது. டிராக்டர் எங்கே?